ஒரு வாரம் முந்திக் கட்டிய காப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் இலங்கை மலையகத்து ஹட்டனில் நடந்தது இது. காலையில் கடும் பனி, பகலில் சுள்ளென்ற வெயில், தேயிலைக் கொழுந்து குறைந்துபோகும் காலம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. வட இந்திய நகரம் ஒன்றில் சந்தைத் தெருவில் குண்டு வெடித்திருந்தது.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிராந்தியச் செய்தியாளர். இப்படியான செய்தி வந்தால் முதலில் இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தேடுவது எங்கள் தொழிற்பழக்கம். அன்று என் கண் ஊர்ப் பெயரைத் தேடியது. இரண்டாம் தடவையும் வாசித்தேன். என் மகள் சில நாட்களில் போகவேண்டிய நகரம்தான் அது.

மகள் படித்தது நோர்வூட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். அவளும் இன்னும் மூன்று பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சிறு கருவி செய்திருந்தார்கள். சரிவான நிலத்தில் வெடிப்பு விரியத் தொடங்கினால் அது ஒலி எழுப்பும். ஒரு பிளாஸ்டிக் போத்தல், சில கம்பிகள், பேட்டரி, கூவுவதற்கு ஒரு சின்ன ஒலிப்பான், இவ்வளவுதான். மண்சரிவுக்குப் பயந்து மழை இரவுகளில் கோயில் மண்டபத்தில் படுத்த பிள்ளைகளுக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. மாவட்டத்தில் வென்று, கொழும்பில் வென்று, கடைசியில் இந்தியாவில் நடக்கும் மாணவர் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் விமானம் ஏறப்போகிறார்கள் என்று அந்தச் செய்தியை எழுதியவனும் நான்தான்.

குண்டுவெடிப்புக்கு மறுநாள், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பாடசாலைத் தலைமையாசிரியரான அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டார். வேலை உடுப்போடே சிலர் வந்திருந்தார்கள். நாலு வீட்டாரும் சம்மதித்தால்தான் பயணம், ஒரு வீடு வேண்டாம் என்றாலும் ரத்து என்று அதிபர் சொன்னார். கருவியை நாலு பேரும் சேர்ந்துதான் இயக்கிக் காட்ட வேண்டும். அதிலும் கம்பி இணைப்பு முழுவதும் ஒரு பிள்ளையின் கைவேலை. அந்தப் பிள்ளை பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகள். அவள் இல்லாமல் போனால் மற்றவர்கள் போத்தலைத்தான் காட்டிவிட்டு வரவேண்டும்.

ஒரு தாய் எழுந்து, "போகாட்டி மார்க்ஸ் கொறையுமா சேர்?" என்று கேட்டார்.

"மார்க்ஸ் எல்லாம் இல்லம்மா."

"அப்ப என்னத்துக்கு சேர் வம்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தோட்டத்திலேயே இருந்துகொண்டு டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், "அந்த ஊர்ல கோடிக்கணக்குல சனம் இருக்கு. எல்லாருமா செத்துப் போனாங்க?" என்றார். பக்கத்திலிருந்த அவருடைய மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "கோடிப் பேரும் நான் பெத்ததா?" என்றார். அதோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதிபர் பழைய விஷயம் ஒன்றை எடுத்தார். ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த வருடம், வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் எங்கள் பாடசாலைக்கு வருவதாக இருந்தது. மண்டபத்துக்கு வெள்ளை அடித்து, வரவேற்பு நடனமும் பழகி முடித்த பிறகு, பாதுகாப்புக் காரணத்தால் வரவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். "அன்னிக்கு நாம எல்லாரும் என்ன சொன்னோம்? ஹட்டன்ல என்னங்க நடந்துச்சு, இங்க வர என்ன பயம்னு கேட்டோம். இப்ப அவங்க எடத்துல நாம இருக்கோம்" என்றார்.

அப்போதுதான் கங்காணி எழுந்தார். அவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் தலைவர்.

"சேர், ஒரு விசயம். திருவிழா ஒரு வாரம் முன்னுக்கு வந்திருச்சு. புள்ளைங்க போற வெள்ளிக்கிழம பொழுது சாய காப்புக் கட்டுறோம். கட்டிட்டா எல்லையத் தாண்டி ராத் தங்க முடியாது. ஒங்களுக்குத் தெரியும்தானே."

எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடியும்வரை தோட்டத்து ஆட்கள் யாரும் வெளியில் இரவு தங்கமாட்டார்கள். வேலைக்குப் போனாலும் பாடசாலைக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். விமானம் சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளி இரவு வேனில் புறப்படுவதாகத் திட்டம். நாலு பிள்ளைகளில் மூவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்.

நான் மண்டபத்தைக் கவனித்தேன். திருவிழா ஏன் முந்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிம்மதியாக மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. இனி யாரும் பயந்தவர் என்ற பெயரும் எடுக்க வேண்டாம், பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்தவர் என்ற பெயரும் எடுக்க வேண்டாம். என் தோளும் கொஞ்சம் இறங்கியதை நான் உணர்ந்தேன்.

வீட்டில் மனைவி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். சம்மதம் எல்லா வீட்டிலிருந்தும் வரவேண்டும், அதிபர்தான் இறுதியாக முடிவெடுப்பார், நிலைமையைப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றேன்.

"அப்பா, நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறீங்க" என்றாள் மகள். பிறகு, "திருவிழா எப்பவும் பங்குனியிலதான். யாரு மாத்தினது? அதக் கேட்டீங்களா? நீங்க ரிப்போர்ட்டர்தானே" என்றாள்.

மறுநாள் மாலை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கங்காணியின் மனைவி அப்போதுதான் கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். லயத்து வரிசை வீட்டின் வாசலில் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. பால் இல்லாத பிளேன்டியும் வந்தது. கங்காணி என் எதிரில் படியில் உட்கார்ந்தார். மகள் உள்ளே இருந்தாள். வெளியில் வரவில்லை.

"திருவிழா பங்குனியிலதானே அண்ணே?" என்றேன்.

"பங்குனியில மழ புடிச்சுக்குது தம்பி. போன வருசம் தேரு சேத்துல பொதைஞ்சு போச்சுல்ல."

முகம் கழுவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி திரும்பினார். "தேரு பொதைஞ்சது கொரோனாவுக்கு முந்தி. அப்ப மாத்தாத திருவிழாவ இப்ப எதுக்கு மாத்துறீங்க? பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன். பயப்படுறது என்ன களவா? சாமிய எதுக்கு முன்னால தள்ளுறீங்க?"

கங்காணி படியில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தார்.

"பயந்தான் தம்பி. கண்ண மூடினா அந்தப் படந்தான் வருது. ஒங்க பேப்பர்ல போட்டிருந்தாங்களே, ரோட்டுல ஒத்தச் செருப்பு கெடக்கிற படம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்க மகளும் போகுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"அதிபர்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். உள்ளே இருந்து என் மகளின் தோழி கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

"எனக்கும் பயம்தான் அண்ணே" என்றேன். செய்தி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது. பிள்ளைகள் தங்கும் இடம் சந்தையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கங்காணி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யார் வந்து கூட்டிப்போவார்கள், எங்கெங்கே சுற்றிக் காட்டுவார்கள், ஏதாவது நடந்தால் யாருக்கு போன் எடுப்பது? அதுவும் தெரியவில்லை. குண்டுவெடிப்பைப் பற்றி வந்த எல்லாவற்றையும் வாசித்திருந்தேன். பயணத்தைப் பற்றி ஒன்றையும் கேட்டிருக்கவில்லை. எங்கள் பயத்தில் பாதி, கேட்டால் தெரிந்துவிடக்கூடிய விஷயங்களாக இருந்தது.

அங்கே இருந்தபடியே, அந்த நகரத்தில் வேலை செய்யும் ஒரு பழைய பத்திரிகை நண்பரை அழைத்துப் பேசினேன். கண்காட்சி நடப்பது நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி வளாகத்தில். தங்குவதும் அதற்குள்தான். ஆனால், நிகழ்ச்சி நிரலில் ஒரு நாள் பழைய நகரத்தைச் சுற்றிப்பார்ப்பதும், அந்தச் சந்தை வழியாகப் போவதும் இருந்தது. "அதை வெட்டிவிடுங்கள். மற்றதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் என் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போயிருக்கிறது" என்றார் அவர்.

நான் அதைச் சொன்னதும் கங்காணி தலையாட்டினார். "நாங்களும் அப்புடித்தானே தம்பி. கீழ் மலையில பெரிய மரத்துல குளவி கூடு கட்டியிருக்கு. அந்த மரத்தடித் தேயில நெரைய மட்டும் கொழுந்து எடுக்காம விட்டுட்டோம். மலைய விடலையே." சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். "ஆனா குண்டு வைக்கிறவன் கூடு கட்டிட்டா இருக்கான், பாத்து ஒதுங்க?"

நான் பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அந்தச் சமயம் உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். கங்காணியின் மகள் கருவியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றாள். பிரித்துப் போட்டிருந்ததை மீண்டும் பூட்டியிருக்கிறாள். போத்தலிலிருந்து சிவப்பும் கறுப்புமாய்க் கம்பிகள் தொங்கின. பேட்டரி டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

தாய் அதை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தாடி. குண்டுக்குப் பயந்து நாம அழுவுறோம். இதத் தூக்கிக்கிட்டுப் போனா இவளையில்ல குண்டுன்னு புடிப்பானுக!"

முதலில் அந்தப் பிள்ளைதான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது சரிதான். கருவியைப் பிரித்து, துண்டு துண்டாகக் கொண்டுபோவது என்றும், அதிபரிடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்குவது என்றும் அங்கேயே முடிவானது.

மிஞ்சியது காப்பு. கோயிலில் வைத்து அறிவித்த திருநாளை மாற்ற முடியாது. அதையும் கங்காணியின் மனைவிதான் தீர்த்தார். "காப்புக் கட்டுறதுக்கு முந்தி எல்லையத் தாண்டினவங்களுக்குக் கட்டு இல்ல. வெள்ளிக்கிழம ராத்திரி போறத பகல்லயே போகச் சொல்லுங்க. கொழும்புல எங்கயாவது தங்கிட்டுப் போகட்டும்."

"அப்ப நான்?" என்றார் கங்காணி. "நான் எப்புடி கட்டுநாயக்க ஏர்போட்டு வரைக்கும் போறது? காப்பு என் கையிலதானே மொதல்ல கட்டுவாங்க."

"நீங்கதானே முன்னுக்கு இழுத்தீங்க? இருந்து கட்டிக்கிங்க."

வெள்ளிக்கிழமை பகல் வேன் வந்தது. கங்காணி வேனோடு நடந்தே தோட்டத்து எல்லைப் பாலம்வரை வந்தார். அவருக்கு அன்று வேலை அதிகம், கோயிலில் ஆட்கள் காத்திருந்தார்கள். மகளிடம் அவர் சொன்னது, "போனைக் கையிலயே வச்சிரு" என்பது மட்டும்தான். வேன் வளைவில் திரும்பும்போது உள்ளே இருந்த நான் பார்த்தேன். பாலத்துக்குத் தோட்டத்துப் பக்கமே நின்றார். அப்போது இன்னும் காப்புக் கட்டவில்லை, பாலத்தைத் தாண்டியிருக்கலாம். ஆனாலும் அவர் தாண்டவில்லை.

கட்டுநாயக்கவில் பையைச் சோதித்த அதிகாரி கம்பிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொன்னார். தடுப்புக்கு வெளியே நின்ற நான் கம்பியை ஒட்டி முன்னால் நகர்ந்தேன். கங்காணியின் மகள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், கையால் மலையை வரைந்தாள், அது சரிவதைக் காட்டினாள், வாயால் கீச்சென்று கூவினாள். அதிகாரி சிரித்துவிட்டார். பையை மூடிக் கொடுத்தார். என் மகள் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். நானும், "சாப்பிட்டியா, எங்க இருக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இரு, போனைக் கையிலயே வச்சிரு" என்று கத்தினேன். அந்தக் கடைசிச் சொற்கள் பாலத்தில் கங்காணி சொன்னவை.

அடுத்து வந்த நாட்களை நான் ஒழுங்காக வாழவில்லை என்றுதான் சொல்லவேண்டும். எந்தச் செய்தி அலைவரிசையையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேஸ்புக்கில், அதே நகரத்தில் இரண்டாவது குண்டு என்று ஒரு படம் சுற்றியது. மகளை அழைத்தேன், எடுக்கவில்லை. கூடப் போன ஆசிரியையை அழைத்தேன், எடுக்கவில்லை. அந்தப் படம் வேறு நாட்டில், வேறு வருடத்தில், எரிவாயுச் சிலிண்டர் வெடித்த படம் என்று கண்டுபிடிக்க எனக்குச் சில நிமிடங்கள்தான் பிடித்தன. அது என் தொழில். ஆனால் கண்டுபிடித்த பிறகும் மகளின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மகள் பிறகு அழைத்து, மண்டபத்தில் போன் அனுமதி இல்லை என்றாள். இதற்கிடையில் கங்காணி என்னை எத்தனை தடவை அழைத்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு தடவையும், "ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான் எடுத்தேன்" என்றே தொடங்குவார்.

செவ்வாய்க்கிழமை பால்குடம். கங்காணி என்னை வரச்சொல்லியிருந்தார். படம் எடுத்துப் போடலாம் என்று நானும் போனேன். ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு ஊர்வலம் ஏறியது. முன்னால் தப்பு மேளம், பின்னால் மஞ்சள் சேலையில் பெண்கள், தலையில் குடம். கங்காணியின் மனைவி முன்வரிசையில் இருந்தார். மகள் நல்லபடி திரும்பி வரவேண்டும் என்ற நேர்த்தி. கங்காணி கையில் காப்போடு ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனார். பிள்ளை அன்று காலையில் பேசியதாம். கருவி நன்றாகக் கூவியதாம். முதல் தடவையாக அவர் முகத்தில் தெளிவைப் பார்த்தேன்.

ஊர்வலம் கீழ் மலை வழியாகத்தான் எப்போதும் போகும். அந்தப் பெரிய மரத்தின் கீழ் போகும்போது யாரோ வெடி கொளுத்தினார்கள்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்புச் சத்தம் சட்டென்று அறுந்தது. மேலே கறுப்பாக ஒரு புகை இறங்குவது போலிருந்தது. "குளவி! குளவி! படுத்துக்கிங்க!" என்று யாரோ அலறினார்கள். பழக்கப்பட்டவர்கள் ஓடவில்லை. தேயிலைச் செடிகளின் அடியில் புகுந்து தலையைச் சேலையால் மூடிக்கொண்டார்கள். என்னை ஒருவர் பிடித்துக் கானுக்குள் தள்ளினார். அந்தச் சிறு வாய்க்காலின் ஈரத்தில் முகத்தைப் புதைத்தபடி, ஒரு கண்ணால் பாதையைப் பார்த்தேன்.

பாதை நடுவில் கங்காணியின் மனைவி மட்டும் நின்றார். இரண்டு கையும் குடத்தில் இருந்தன. முகத்தில் குளவிகள். நேர்த்திக் குடத்தைக் கோயில் வாசலுக்கு முன் இறக்கக்கூடாது. அவர் ஓடவும் இல்லை, குனியவும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு காலடி எடுத்து வைத்தார், இன்னொன்று வைத்தார்.

"குடத்தப் போடு புள்ள!" கங்காணியின் குரல் அது. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "போடு! சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ போட்டுட்டுப் படு!"

அவர் போடவில்லை. கங்காணி ஓடிவந்து குடத்தைத் தானே தட்டிவிட்டார். பால் தார்ப் பாதையில் வழிந்து ஓடியது. மனைவியைக் கீழே தள்ளி, தன் வேட்டியை உருவி அவர் மேல் போர்த்தி, அதன் மேல் தான் படுத்துக்கொண்டார்.

குளவிகள் மரத்துக்குத் திரும்பிய பிறகு, தோட்டத்து லொறியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எனக்குக் கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. கங்காணிக்கு முதுகெல்லாம். மனைவிக்கு முகமும் கையும். லொறி எல்லைப் பாலத்தைத் தாண்டியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கங்காணியின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை, பாலத்தைப் பார்க்கவும் இல்லை.

வார்டில் ஒரு சிங்களத் தாதி அவருடைய மனைவிக்கு ஊசி போட்டுவிட்டு, "பய வென்ன எபா" என்றார். பயப்படாதீங்க என்று அர்த்தம். கங்காணி தலையாட்டினார். ஆனால் கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

அப்போது என் கைபேசி அடித்தது. மகள். குரலே வரவில்லை, அழுகைதான் வந்தது. யாரோ எடுத்த வீடியோ பேஸ்புக்கில் ஏறி, பிள்ளைகள் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு பேரும் தங்கள் அம்மா அப்பாவைத் தேடித் தேடி அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். "நாங்க எல்லாரும் வந்துர்றோம் அப்பா. டீச்சர் நாளைக்கே டிக்கட் மாத்தலாம்னு சொல்றாங்க. நாளைக்கு ஜட்ஜ் வர்றாங்க, பரவாயில்ல. எங்களுக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு." அவள் அங்கே பயந்தது இங்கே நடந்ததற்காக.

போனை ஸ்பீக்கரில் போட்டு கங்காணியிடம் நீட்டினேன். மறுமுனையில் அவருடைய மகள் வாங்கிக்கொண்டாள். "அப்பா, அம்மா எங்க? நான் வந்துர்றேன்ப்பா."

"வந்துரு" என்றார் கங்காணி உடனே. "வந்துரு சாமி."

கட்டிலில் இருந்து ஒரு கை எழுந்து போனைத் துழாவியது. கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சொற்கள் குழறித்தான் வந்தன.

"எதுக்கு வார? மொகம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. நீ வந்தாலும் ஒனக்கு என்னத் தெரியாது, எனக்கு ஒன்னத் தெரியாது. ஊசி போட்டாச்சு. ஒங்கப்பன் பக்கத்துல இருக்காரு. நீ அத நாளைக்குக் கூவ வச்சுட்டு, அப்பறம் வா."

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் கலந்து ஏதோ கேட்டது. "பயமா இருக்கும்மா" என்றாள் அந்தப் பிள்ளை.

"எனக்கும்தான். இருக்கட்டும்."

கங்காணி என்னைப் பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "அம்மா சொல்றபடி செய்யி. போனைக் கையிலயே வச்சிரு, நான் எடுக்கிறேன்" என்றார்.

அவர்கள் திரும்பவில்லை. மறுநாள் கருவியை இயக்கிக் காட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை. கருவியைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார்களாம். அந்த வார இறுதியில் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தாய் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தார். முகத்தில் வீக்கம் வடிந்து, கறுப்புத் தழும்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மகளைப் பார்த்ததும், "இப்ப தெரியுதா நான்தான்னு?" என்று கேட்டாராம்.

குளவிச் செய்தியையும் நான்தான் எழுதினேன். உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது. ஒற்றைச் செருப்புப் படம் முதற்பக்கத்தில் வந்திருந்தது. பத்திரிகையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, குளவி எங்கள் பக்கத்தில் அவ்வளவு சாதாரணம். திருவிழாவை முன்னுக்குத் தள்ளியதால்தான் அது நடந்தது என்றும் எழுதமாட்டேன். பங்குனியிலும் அந்த மரம் அங்கேதான் நின்றிருக்கும். மரத்தடி நிரையை ஒதுக்கிவிடத் தெரிந்தவர்களுக்கு, சாமி போகும் வழியை ஒரு தடவை மாற்றலாம் என்று தோன்றவில்லை. கூட நடந்த எனக்கும் தோன்றவில்லை. இப்போது ஊர்வலம் மேல் மலை வழியாகப் போகிறது.

குளவி கொட்டிய அன்று இரவு மகளிடமிருந்து வந்த குறுஞ்செய்தியை நான் அழிக்கவில்லை: "சாப்பிட்டீங்களா? எங்க இருக்கீங்கன்னு சொல்லிக்கிட்டே இருங்க. போனைக் கையிலயே வச்சிருங்க." எங்காவது குண்டு வெடித்து, பிள்ளைகளின் வெளிநாட்டுப் பயணத்தை ரத்துச் செய்யலாமா என்று யாராவது என்னிடம் கேட்கும் போதெல்லாம் அந்த வரிகளும், தார்ப் பாதையில் ஓடிய பாலும் நினைவுக்கு வருகின்றன. சாமியையோ அதிபரையோ முன்னால் நிறுத்தாமல், எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எந்த நிரையை மட்டும் விடுவது என்று உட்கார்ந்து பேசலாம் என்றுதான் இன்றுவரை பதில் சொல்லி வருகிறேன்.